சீக்கிரம் வந்த பதில்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர்கள் வரை அவளை ‘நெட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் நின்றால் அக்கா, பிரிண்டர் பேப்பரை மென்று துப்பினால் அக்கா, சொந்த செல்போனில் பாட்டு வரவில்லை என்றாலும் அக்கா. கூடப் பிறந்த தம்பி ஒருவன்தான் எட்டு மாதமாக அந்த வார்த்தையை வாயில் வைக்கவில்லை.

அன்று காலை பத்து இருபதுக்கு இரண்டாவது மாடியிலிருந்து போன் வந்தது. கண் வங்கி டாக்டரம்மா. குரலில் வழக்கமான ‘சாப்பிட்டாச்சா’ இல்லை.

“உடனே மேல வாம்மா. வந்து இதைப் பாரு.”

டாக்டரம்மாவின் திரையில் ஒரு கிராஃப். மேலே ‘கிளை ஆஸ்பத்திரி, கருவிழி ஃபிரிட்ஜ்’ என்று எழுதியிருந்தது. அந்த ஃபிரிட்ஜுக்குள் இரண்டிலிருந்து எட்டு டிகிரி வரைதான் இருக்கலாம். கோடோ ஒன்பதரைக்குப் போய், ஏழுக்கு இறங்கி, மறுபடி பதினொன்றைத் தொட்டு, பல் போன சீப்பு மாதிரி நின்றது.

இரண்டு ஆஸ்பத்திரிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கிளை இங்கிருந்து நாலு மணி நேரப் பயணம். இனிமேல் அங்கே கருவிழி மாற்றும் ஆபரேஷன் எதுவானாலும், இங்கே டாக்டரம்மா ஃபிரிட்ஜின் கிராஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கத்தியைத் தொடலாம். அந்த விதி அமலுக்கு வந்த முதல் நாள் இன்று. முதல் நாளே இந்த லட்சணம்.

“ரெண்டு கருவிழி உள்ள இருக்கு. ரெண்டு பேஷன்ட் வெறும் வயித்தோட படுத்திருக்காங்க. ஒருத்தர் டெய்லர், நாலு மாசமா ஊசியில நூல் கோக்க முடியாம காத்துட்டிருக்கார்” என்றார் டாக்டரம்மா. “எட்டைத் தாண்டியிருந்தா அதை நான் யார் கண்ணுலயும் வைக்க விடமாட்டேன். பதினொரு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள தெளிவா ஒண்ணும் தெரியலைன்னா தூக்கிப் போடச் சொல்லிடுவேன்.”

தூக்கிப் போடுவது என்றால் சும்மாவா? யாரோ ஒரு குடும்பம், அழுகையோடு அழுகையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கண்கள் அவை.

மேஜை மேல் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள்.

“டாக்டர், நான் ஃபிரிட்ஜ் முன்னாடிதான் நிக்கிறேன். நாலுதான் காட்டுது. காலையிலேர்ந்து நாலைத் தாண்டவே இல்ல.”

கிளையில் நெட்வொர்க், மெஷின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவன் அவள் தம்பிதான்.

“கிராஃப் பதினொண்ணுங்குது. நான் கிராஃபை நம்பணுமா, உங்களை நம்பணுமா?”

“நோட்டு இருக்கு டாக்டர். மணிக்கு ஒரு தடவை பார்த்துக் கையால எழுதி வச்சிருக்கேன்.”

“நோட்டுல யார் வேணா என்ன வேணா எழுதலாம்” என்றார் டாக்டரம்மா.

நோட்டு என்ற வார்த்தை நெட் அக்காவுக்கு முள்ளாகக் குத்தியது. எட்டு மாதம் முன்னால் இதே அறையில்தான் நேர்காணல் நடந்தது. அவளுக்குக் கீழே ஒரு வேலைக்குத் தம்பி விண்ணப்பம் போட்டிருந்தான். ‘உன் தம்பியாமே, எப்படி?’ என்று டாக்டரம்மா கேட்டார். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டியதாக யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்ற பயத்தில், அவள் நியாயஸ்தி வேஷம் கட்டிக்கொண்டு, “கெட்டிக்காரன்தான் டாக்டர், ஆனா எதையும் எழுதி வைக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டாள். அது பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியதும் இல்லை. வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று, விஷயம் அவன் காதுக்குப் போயிற்று. “எனக்கு அக்காவே இல்லைன்னு நினைச்சுக்கறேன்” என்று சொல்லிப் போனை வைத்தவன்தான்.

அதற்குப் பிறகு இரண்டு ஆஸ்பத்திரிகளும் ஒன்றாகி, இரண்டையும் வி.பி.என். போட்டு இணைக்கும் வேலை அக்கா தலையில் விழுந்தது. அந்தப் பக்கம், ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்த தம்பி. இரண்டு பேர் போனில் பத்து நிமிஷம் பேசினால் முடிகிற காரியம். பேசினால்தானே! இவள் ஒரு கேள்வியை மேனேஜருக்கு அனுப்புவாள், மேனேஜர் தம்பிக்கு அனுப்புவார், தம்பி ஒரே வரியில் பதிலெழுதுவான், மேனேஜர் அதை இவளுக்கு அனுப்புவார். அவர் தபால்காரர் வேலை பார்த்தே இளைத்துப் போனார். இப்படித்தான் அந்த இணைப்பு கட்டப்பட்டது.

“அரை மணி நேரம் குடுங்க டாக்டர். நான் கீழ போய்ப் பார்க்கறேன்” என்றாள்.

சர்வர் அறை சமையலறை பரணளவு இடம். ஒரு நாற்காலி போட்டால் கதவு சாத்தாது. அங்கே அவளுடைய ஃபயர்வால் இருந்தது. பழைய யூனிக்ஸ் பெட்டி, கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம், பொத்தான், அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரிக்குள் வரும் போகும் தகவலையெல்லாம் அதுதான் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும். கிளைக்குப் போவதை மட்டும் பூட்டுப் போட்ட தனிப்பாதையில் அனுப்பும். அதுதான் வி.பி.என்.

பாதை திறந்திருக்கிறதா? திறந்திருந்தது. கிளையின் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். ‘இருக்கிறேன்’ என்று பதில் வந்தது. பிரிண்டர், பதிவு கவுன்ட்டர், எல்லாம் பதில் சொல்லின. பிறகு மேலே கூப்பிட்டு, கிராஃபில் போட்டிருக்கும் ஃபிரிட்ஜ் சென்சாரின் முகவரியைக் கேட்டாள்.

“10.23.11.40” என்று டாக்டரம்மா படித்தார்.

விரல் தன்பாட்டுக்கு அடித்தது. பதில் பளிச்சென்று வந்தது. சென்சாரும் இருக்கிறது, பாதையும் இருக்கிறது. அப்படியானால் பதினொன்று டிகிரியும் உண்மைதானா? தம்பி பொய் சொல்கிறானா? அவசரக்காரன், கோபக்காரன், எல்லாம் சரி. பொய் சொல்கிறவன் இல்லையே!

மணி பத்து முப்பத்தைந்து. மேனேஜரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நேராகத் தம்பியின் நம்பரை அழுத்தினாள்.

“சொல்லுங்க மேடம்” என்றான்.

மேடமாம்! மூக்கு ஒழுகக் கிடந்த வயசில் இடுப்பில் தூக்கிச் சுமந்தவளுக்கு மேடம். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

“உன் சென்சாரை இன்னிக்கு யார் யார் வந்து கேட்டாங்கன்னு அதுலயே பதிவாகுமில்ல? பாரு.”

கீபோர்டு சத்தம் கேட்டது. “யாருமே வரல மேடம்.”

“யாருமேன்னா? நான் இப்ப தட்டினேனே! பதில் வந்ததே!”

“இங்க யாரும் தட்டல. நீங்க எங்க தட்டினீங்களோ எனக்குத் தெரியாது.”

அவள் திரையைத் திரும்பப் பார்த்தாள். இந்த முறை பதில் வந்ததா என்று பார்க்கவில்லை, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்த்தாள். கிளையின் பிரிண்டர் பதில் சொல்ல முப்பத்தெட்டு மில்லி செகண்ட் எடுத்திருந்தது. பதிவு கவுன்ட்டருக்கு முப்பத்தொன்பது. அவ்வளவு தூரம் போய் வர அது ஆகத்தான் ஆகும். ஃபிரிட்ஜ் சென்சார் மட்டும் அரை மில்லி செகண்ட்கூட எடுக்கவில்லை. நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிட்டால் முதுகுக்குப் பின்னாலிருந்து ‘என்ன?’ என்று கேட்ட கதையாக இருந்தது.

“டேய்” என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த ‘டேய்’ தானாக வந்தது. “உன் நம்பரைச் சொல்லிக்கிட்டு இங்க வேற ஒண்ணு உட்கார்ந்திருக்குடா.”

பாதைப் பட்டியலைத் திறந்தாள். எந்த முகவரி எந்தப் பக்கம் என்று ஃபயர்வால் வைத்திருக்கும் பட்டியல். ‘10.23 என்று தொடங்குவதெல்லாம் கிளைக்கு’ என்று ஒரு வரி. தம்பி ஒரே வரியில் எழுதி மேனேஜர் மூலம் அனுப்பினானே, அது. அதற்குக் கீழே இன்னொரு வரி. ‘10.23.11 என்று தொடங்குவது இங்கேயே, நாலாவது போர்ட்டில்.’ போர்ட் என்றால் பெட்டியில் ஒயர் செருகும் துளை. ஊர் முழுக்க அந்தப் பக்கம் என்று ஒரு பலகையும், இந்த ஒரு தெரு மட்டும் இந்தப் பக்கம் என்று இன்னொரு பலகையும் இருந்தால், ஃபயர்வால் தெருப் பலகையைத்தான் நம்பும். அது தப்பில்லை. அந்தத் தெருப் பலகையை எழுதி மாட்டியவள்தான் தப்பு.

மாட்டியவள் சாட்சாத் அவளேதான்.

ஆறு மாதம் முன்னால் சென்சார்களைச் சோதித்துப் பார்க்க ஐந்தை வாங்கி, அதற்கென்று ஒரு தனி வரிசை ஒதுக்கினாள். ‘யாருக்கும் தோணாத நம்பரா வைங்க’ என்று தணிக்கைக்கு வந்தவர் இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்போது தம்பி பேச்சை நிறுத்தி இரண்டு மாதம். அவன் பெண் குழந்தையைப் பார்த்தும் இரண்டு மாதம். சில வருஷம் முன்னால் அவள் பிறந்த நாளன்று, அதாவது இருபத்து மூன்றாம் தேதி, பதினோராம் மாதம், தம்பி வேலையில் மாட்டிக்கொண்டிருக்க, நர்ஸ் கொண்டு வந்த குழந்தையை முதலில் கையில் வாங்கியது இந்த அத்தைதான். அந்தத் தேதியை வைத்தாள். சென்சார்களுக்கு நாற்பதிலிருந்து நம்பர் போடுவது அவளும் தம்பியும் ஒரே இடத்தில் வேலை கற்ற நாளிலிருந்து உள்ள பழக்கம். அந்தப் பக்கம் தகப்பனுக்கும் அதே தேதிதான் தோன்றியிருக்கிறது. யாருக்கும் தோன்றாத நம்பர் என்று இரண்டு பேருக்குத் தோன்றியிருக்கிறது.

அழுவதற்கு நேரமில்லை. மணி பத்து நாற்பத்திரண்டு.

சோதனை முடிந்ததும் நாலு சென்சாரைக் கழற்றிவிட்டாள். மீதி இருக்கும் அந்த நாற்பதாம் நம்பர் எங்கே? எழுதி வைத்திருக்கிறாளா? அலமாரியிலிருந்த கோப்பைப் புரட்டினாள். ஒரு வரி கிடையாது. எழுதி வைக்காதவன் என்று ஊருக்குச் சொன்னவள், எழுதி வைக்கவில்லை. நெற்றியைத் தேய்த்தாள். நாலாவது போர்ட்டிலிருந்து கிளம்பிய ஒயர் சுவரோடு ஏறி, கதவுக்கு மேலே போய், நடைபாதையில் திரும்பியது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே அதன் பின்னால் நடந்தாள். எதிரே வந்த நர்ஸ் ஒதுங்கி வழிவிட்டாள். ஒயர் ஸ்டாஃப் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இறங்கியது.

டிபன் பாக்ஸ்களுக்கும் பால் பாக்கெட்டுகளுக்கும் நடுவே, யாரோ வைத்த வெள்ளரிக்காய்க்குப் பின்னால், விரல் நீளத்துக்கு அந்தச் சென்சார் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது.

கதவை அகலத் திறந்து, மூடாமல் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். பிறகு டாக்டரம்மாவைப் போனில் பிடித்தாள்.

“கிராஃபையே பாருங்க டாக்டர். என்ன ஆகுது?”

“ஏறுதும்மா! பன்னெண்டு... பதிமூணு... ஐயையோ, பதினாலு! உன் தம்பி அங்க என்னதான் பண்றார்?”

“அவன் ஒண்ணும் பண்ணல டாக்டர். நான்தான் இங்க கதவைத் திறந்து வச்சிருக்கேன். நீங்க பார்க்கறது நம்ம ஸ்டாஃப் சாப்பாட்டு ஃபிரிட்ஜ்.”

“அப்போ காலையிலேர்ந்து நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பார்த்தது உங்க டிபன் டப்பாவையா?”

“ஆமா டாக்டர். பத்து மணி டீக்கு எல்லாரும் வந்து வந்து பால் எடுத்திருக்காங்க. அதான் அப்படி ஏறி இறங்கியிருக்கு.”

“சரி, இது தப்புன்னு தெரிஞ்சுது. அது சரின்னு எனக்குத் தெரிய வேண்டாமா? நிஜ ஃபிரிட்ஜைக் காட்டு. பதினொரு மணின்னா பதினொரு மணிதான்.”

சென்சாரின் ஒயரைப் பிடுங்கினாள். மேலே கிராஃப் காணாமல் போய், ‘தொடர்பு இல்லை’ என்று வந்ததாக டாக்டரம்மா சொன்னார். இது என்ன புது வம்பு? பிறகுதான் உறைத்தது. ஆளைக் கிளப்பிவிட்டாள், தெருப் பலகையை எடுக்கவில்லை. நாலாவது போர்ட் திறந்திருக்கும் வரை ஃபயர்வால் காலி வீட்டின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். நடைபாதையில் ஓடினாள். ஐம்பதை நெருங்குகிற பெண்மணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதை அன்று வெளிநோயாளிகள் பிரிவே பார்த்தது.

நாலாவது போர்ட்டை மூடினாள். அந்த வரி பட்டியலிலிருந்து மறைந்தது. மறுபடி அதே முகவரியைத் தட்டினாள்.

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிறகு முப்பத்தெட்டு மில்லி செகண்ட்.

ஒரு தாமதத்தைப் பார்த்து அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. மறுபடி கூப்பிட்டு வைத்திருந்த போனில் தம்பி கத்தினான்.

“வந்துடுச்சு! யாரோ தட்டறாங்க... உங்க பக்கத்து முகவரிதான்... அக்கா, நீதான்! நீ வந்துட்டே!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருமினான். அவள் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள். புடவைத் தலைப்பால் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

அவள் மூச்சிரைக்க மேலே போனபோது மணி பத்து ஐம்பத்தாறு. சென்சார் தன் நினைவில் வைத்திருந்த மூன்று நாள் கணக்கையும் அனுப்பியிருந்தது. திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே கோடு. நாலு டிகிரி. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

“தம்பி, நோட்டை எடுங்க. நேத்து மத்தியானம் மூணு மணி?”

“நாலு புள்ளி ரெண்டு டாக்டர்.”

கிராஃபும் நாலு புள்ளி இரண்டு.

“முந்தாநாள் ராத்திரி எட்டு?”

“மூணு புள்ளி ஒம்பது. ஒரு நிமிஷம் கதவு திறந்திருந்துது, அதையும் பக்கத்துல எழுதியிருக்கேன்.”

கோட்டில் அந்த இடத்தில் கடுகளவு ஒரு மேடு இருந்தது. டாக்டரம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். “ரெண்டையும் எடுத்து தியேட்டருக்கு அனுப்புங்க. அந்த டெய்லர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, சரியாயிடும்” என்றார். அந்தப் பக்கம் யாரோ நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. நெட் அக்காவுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கேட்காமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நல்லா எழுதி வச்சிருக்காரேம்மா உன் தம்பி” என்றார் டாக்டரம்மா.

ஸ்பீக்கர் இன்னும் அணைக்கப்படவில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

“டாக்டர், எட்டு மாசம் முன்னாடி இதே ரூம்ல உட்கார்ந்துதான் அவன் எதையும் எழுதி வைக்க மாட்டான்னு சொன்னேன். இன்னிக்கு இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம், நான் ஒரு சென்சாரை எழுதி வைக்காததுதான். அவன் நோட்டு மட்டும் இல்லைன்னா நீங்க இவ்வளவு நிம்மதியா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அதை நீங்களும் எழுதி வச்சுக்குங்க.”

டாக்டரம்மா அவளைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். “எழுதிக்கிட்டேன்” என்றார். நிஜமாகவே ஒரு தாளில் எழுதவும் செய்தார். ஸ்பீக்கரிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது, பிறகு லைன் கட் ஆனது.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு அறையில் ஒரே ரகளை. எவனோ ஃபிரிட்ஜுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான், பால் எல்லாம் திரிந்து போச்சு, அவன் மட்டும் கையில் கிடைத்தால் என்று ஆம்புலன்ஸ் டிரைவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்துக்கொண்டிருந்தார். நெட் அக்கா கடைக்குப் போய் ஆறு பாக்கெட் பால் வாங்கி வந்து அடுக்கினாள். “எவன் பண்ணின வேலைக்கு நீங்க ஏன் அக்கா காசு அழறீங்க?” என்று டிரைவர் பாவப்பட்டார். “பரவாயில்லண்ணே, இன்னிக்கு நல்ல நாள்” என்றாள்.

அப்போது செல்போன் அடித்தது.

“ரெண்டு பேருக்கும் நல்லபடியா முடிஞ்சுது அக்கா” என்றான் தம்பி. இந்த முறை இருமவில்லை.

“சாப்பிட்டியா?”

“இனிமேதான்.” கொஞ்சம் தயங்கினான். “அந்த 11 வரிசை... நீயும் பாப்பா தேதியைத்தான் வச்சியா?”

“வேற எதை வைப்பேன்? நான் மாத்திக்கறேன். அது உன் பொண்ணு தேதி, நீயே வச்சுக்கோ.”

“அவளை மொதல்ல கையில வாங்கினவ நீ. உனக்கில்லாததா? நான் மாத்திக்கறேன்.”

“உன்கிட்ட இருபது மெஷின் இருக்குடா, என்கிட்ட ஒரே ஒரு டப்பா. பேசாம இரு.”

“சரி, அப்ப புது நம்பர் என்ன வைக்கப் போறே? இந்தத் தடவையாவது சொல்லிட்டு வை.”

“நீயே சொல்லு.”

“நான் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிக்கிட்டு வர்றேன். இப்ப நூறு வரைக்கும் எண்ணுவா. அத்தைக்கு எந்த நம்பர்னு அவளே சொல்லட்டும்.”

நூறு வரைக்கும் எண்ணுகிறாளாம். கடைசியாகப் பார்த்தபோது இருபதுக்கு மேல் எல்லாமே அவளுக்கு ‘நிறைய’. நெட் அக்கா பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, டிரைவர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அழுதாள். பிறகு சர்வர் அறைக்குப் போய் ஒரு புது நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் தேதி போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்:

‘நாலாவது போர்ட். சாப்பாட்டு ஃபிரிட்ஜ் சென்சார், ஒன்று. பழைய வரிசை தம்பிக்கு விடப்பட்டது. புது நம்பர் ஞாயிற்றுக்கிழமை தெரியும்.’